விந்தணு அறிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள், ஆளையும் பரிசோதியுங்கள்

குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதி என் அறைக்குள் வரும்போது, பெரும்பாலும் மனைவியின் கையில் ஒரு தடித்த கோப்பு இருக்கும். புரட்டினால் அவருக்கு எடுத்த ஸ்கேன்கள், ஹார்மோன் சோதனைகள், கருக்குழாய் எக்ஸ்ரே, சிலருக்கு லேப்ராஸ்கோப்பி வரை தேதிவாரியாக அடுக்கப்பட்டிருக்கும். கணவருடையது என்று கடைசியில் ஒரே ஒரு தாள். சில கோப்புகளில் அதுவும் இருக்காது.

தடுப்பு எதுவும் இல்லாமல் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்கவில்லை என்றால் காரணத்தைத் தேட வேண்டும். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதமே போதும், அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதித் தம்பதிகளிடம் ஆண் பக்கத்துக் காரணம் தனியாகவோ, பெண் பக்கத்துக் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது. அப்படியிருக்க, ஊசி கூடக் குத்தாத விந்துப் பரிசோதனையைக் கடைசியில் வைப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. தயக்கம்தான் காரணம்.

"உடலுறவில் எனக்கு எந்தக் குறையும் இல்லையே டாக்டர், எனக்கு எதற்கு டெஸ்ட்?" என்று கேட்பவர்கள் நிறைய. அது வேறு, இது வேறு. விரைக்குள் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் செல்கள் ஓரிடம், விந்தணு உருவாகும் நுண்குழாய்கள் வேறிடம். ஒன்று நன்றாக வேலை செய்யும்போதே மற்றொன்று முடங்கிப்போகலாம். விந்து பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதை வைத்தும் எதையும் சொல்ல முடியாது. அதில் மிகப் பெரும்பகுதி விந்துப்பைகளும் பிராஸ்டேட் சுரப்பியும் தரும் திரவம். ஒரு விந்தணு கூட இல்லாத விந்தும் கண்ணுக்குச் சாதாரணமாகவே தெரியும்.

சரி, பரிசோதனைக்கு வருவோம். 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுக்க வேண்டும். சோப்பு, எண்ணெய், சாதாரண ஆணுறை எதுவும் கூடாது. வீட்டில் எடுத்தால் உடல் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். முதலில் வெளியேறும் பகுதியில்தான் விந்தணுக்கள் அதிகம். அது சிந்திவிட்டால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள், இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம்.

அறிக்கையில் ஓரமாக அச்சிட்டிருக்கும் எல்லை எண்களைப் பார்த்துத்தான் பலர் இடிந்துபோகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லைகள் இவை: விந்தின் அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1.6 கோடி விந்தணுக்கள், மொத்த அசைவு 42 சதவீதம், இயல்பான வடிவம் 4 சதவீதம். ஓராண்டுக்குள் தந்தையாகும் வாய்ப்பு பெற்ற ஆண்களைச் சோதித்து, அவர்களில் கடைசி ஐந்து சதவீதத்தினர் நிற்கும் இடத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். அதாவது அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்களுக்கும் குழந்தை பிறந்திருக்கிறது. கோட்டுக்கு மேலே இருப்பது உத்தரவாதமும் இல்லை. அப்புறம் அந்த 4 சதவீதம். "மீதி 96 சதவீதம் கெட்டுப்போனதா, பிறக்கும் குழந்தைக்குக் குறை வருமா?" என்று கேட்பார்கள். வராது. விந்தணுவின் தோற்றத்துக்கும் குழந்தையின் தோற்றத்துக்கும் சம்பந்தம் இல்லை.

ஒரு சோதனையை வைத்து முடிவு கட்டவும் கூடாது. ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாள், முதிர்ந்து வெளியே வர இன்னும் சில நாள். அதனால் இன்றைய அறிக்கை காட்டுவது ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு முந்தைய நிலவரம். அப்போது கடும் காய்ச்சலில் படுத்திருந்தீர்கள் என்றால் இப்போது எண்ணிக்கை சரிந்திருக்கும். புகையை நிறுத்தியதன் பலன் அடுத்த வாரமே தெரியாததற்கும் இதுவே காரணம்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். அறிக்கை சரியில்லை என்றதும் அந்த ஆணைப் படுக்க வைத்து, நிற்க வைத்துக் கையால் பரிசோதித்தார்களா என்று கேட்டால், பலரும் இல்லை என்கிறார்கள். நேராக 'இக்சி செய்துகொள்ளுங்கள்', அதாவது ஆய்வகத்தில் விந்தணுவைக் கருமுட்டைக்குள் செலுத்திக் கருவாக்கும் முறைக்குப் போங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். ஐந்து நிமிடப் பரிசோதனை பல வாசல்களைத் திறக்கும். விரைகளின் பருமன் என்ன, அவை பைக்குள் இறங்கியிருக்கின்றனவா, விந்தணுவை விரையிலிருந்து கொண்டுபோகும் குழாயான விந்து நாளம் கைக்குத் தட்டுப்படுகிறதா, நரம்பு முடிச்சு இருக்கிறதா, குடலிறக்க அறுவையின் பழைய தழும்பு இருக்கிறதா என்று பார்ப்போம்.

நரம்பு முடிச்சு என்று சொல்வது வேரிகோசீலை. விரையிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரைகள் புடைத்துப்போவது. இடப்பக்கம்தான் அதிகம் வரும், ஏனென்றால் இடது சிரை நீளமானது, சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய்ச் சேர்கிறது. உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் விரை ஒழுங்காக வேலை செய்யும். தேங்கும் ரத்தம் அந்தக் குளிர்ச்சியைக் கெடுக்கிறது. பொதுவாக ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு இது உண்டு, குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் 40 சதவீதம் வரை. முதல் எண்ணையும் கவனியுங்கள்: வேரிகோசீல் இருந்தும் சிக்கலின்றித் தந்தையானவர்கள் ஏராளம். கைக்குத் தட்டுப்பட வேண்டும், விந்து அறிக்கையிலும் குறை இருக்க வேண்டும், அப்போதுதான் அறுவைக்கு அர்த்தம். ஸ்கேனில் மட்டும் தெரியும் மெல்லிய புடைப்புக்குக் கத்தி வைப்பதை நான் ஏற்பதில்லை. சரியான ஆளுக்கு நுண்ணோக்கி வைத்துச் செய்தால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் எண்ணிக்கையும் அசைவும் கூடும்.

'விந்தணு இல்லை' என்று வந்த அறிக்கைதான் மனதை அதிகம் உடைக்கும். ஆண்களில் நூற்றில் ஒருவருக்கு இப்படி இருக்கிறது. முதலில் தெரிய வேண்டியது, உற்பத்தியே இல்லையா, உற்பத்தி இருந்தும் வழி அடைத்திருக்கிறதா என்பது. விரை நல்ல பருமனில் இருந்து, விந்தணு உற்பத்தியைத் தூண்ட மூளையடிச் சுரப்பி அனுப்பும் எஃப்எஸ்எச் ஹார்மோனும் இயல்பாக இருந்தால் அடைப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பழைய தொற்று, கருத்தடை அறுவை, பிறவியிலேயே விந்து நாளம் இல்லாமை எனக் காரணங்கள் பல. சிலருக்கு அடைப்பை நீக்கி இணைக்கலாம். மற்றவர்களுக்கு ஊசி வழியாகவே விந்தணுவை எடுத்துவிடலாம். விரை சிறுத்து எஃப்எஸ்எச் ஏறியிருந்தால் உற்பத்தியில்தான் பழுது. அப்போது குரோமோசோம் சோதனையும் ஒய் குரோமோசோம் சோதனையும் அவசியம். கூடுதலாக ஒரு எக்ஸ் குரோமோசோம் உள்ள கிளைன்ஃபெல்டர் நிலையில் கூட, நுண்ணோக்கி வைத்து விரைக்குள் தேடினால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விந்தணு கிடைக்கிறது. ஒய் குரோமோசோமின் சில பகுதிகள் முழுதாக இல்லை என்றால் தேடியும் பயனில்லை. அது முன்கூட்டியே தெரிந்தால் ஒரு வீண் அறுவை மிச்சம்.

"உங்களுக்கு வாசனை தெரியுமா?" என்று நான் கேட்கும்போது சிலர் சிரிப்பார்கள். மோப்ப உணர்வும் இல்லை, பருவ வளர்ச்சியும் முழுமையாக வரவில்லை என்றால் அது கால்மன் நோயாக இருக்கலாம். மூளையிலிருந்து விரைக்கு வர வேண்டிய ஹார்மோன் கட்டளை வரவில்லை, அவ்வளவுதான். அந்த ஹார்மோன்களை ஊசியாகக் கொடுத்தால் பூஜ்யத்திலிருந்து விந்தணு உற்பத்தி தொடங்குவதைப் பார்க்கலாம். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். ஆண் குழந்தையின்மையில் மருந்தாலேயே தெளிவாகத் தீரும் சில நிலைகளில் இது ஒன்று.

இதற்கு நேர் எதிரானது, இப்போது அடிக்கடி பார்ப்பது. கட்டுமஸ்தான உடம்போடு இளைஞர் வருவார், அறிக்கையில் விந்தணு இருக்காது. துருவிக் கேட்டால் ஜிம்மில் யாரோ சொல்லி டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டது தெரியவரும். களைப்புக்கு என்று மருத்துவரே எழுதிக் கொடுத்ததும் உண்டு. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை தன் கட்டளையை நிறுத்திவிடுகிறது. விரைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் அளவு ரத்தத்தில் இருப்பதைப் போல் பல மடங்கு. அது சரிந்ததும் விந்தணு உற்பத்தி நின்றுபோகிறது. ஆண்களுக்கான கருத்தடையாகவே இந்த ஊசியை ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்தினால் பெரும்பாலோருக்கு உற்பத்தி திரும்பும், ஆனால் ஆறு மாதமோ ஓராண்டோ, சிலருக்கு அதற்கு மேலுமோ ஆகும். குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருக்கும்வரை இந்த ஊசி பக்கமே போகக் கூடாது.

விளம்பரத்தில் வரும் சத்து மாத்திரைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும் கொடுத்து 2,370 தம்பதிகளிடம் செய்து 2020இல் வெளியான பெரிய ஆய்வில் குழந்தைப் பேறு கூடவில்லை. புகை, மது, உடல் பருமன், அடிக்கடி வெந்நீர்த் தொட்டியில் உட்காருவது இவற்றைக் குறைப்பது மாத்திரையைவிட மேல்.

இக்சியை நான் எதிர்க்கவில்லை. ஒரே விந்தணுவைக் கருமுட்டைக்குள் செலுத்தும் இந்த முறையில் உண்டான முதல் கர்ப்பங்களை 1992இல் பிரசெல்ஸ் குழுவினர் அறிவித்த பிறகு, தந்தையாக வழியே இல்லை என்று அனுப்பப்பட்டவர்களுக்கும் வழி பிறந்தது. மனைவிக்கு வயது ஏறியிருந்தால் வேரிகோசீல் அறுவைக்கு மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட நேராக இக்சிக்குப் போவதே சரியாக இருக்கலாம். ஆனால் அதிலும் ஊசியும் மயக்கமும் மனைவிக்குத்தான். கணவரிடம் சரிசெய்யக் கூடிய குறை இருக்கிறதா என்று பார்க்காமலே மனைவியை அதில் இறக்குவது நியாயமில்லை. இன்னொன்றும் உண்டு: குழந்தையின்மைக்காக வரும் ஆண்களிடம் விரைப் புற்றுநோய் மற்றவர்களைவிடச் சற்று அதிகம். கை வைத்துப் பார்க்காவிட்டால் அந்தக் கட்டி யாருக்கும் தெரியாது.

புற்றுநோய் என்றதும் ஒரு விஷயம். எந்தப் புற்றுநோயாக இருந்தாலும், கீமோவோ கதிர்வீச்சோ தொடங்கப்போகும் இளைஞர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், சிகிச்சை தொடங்கும் முன்பே விந்தணுவை உறையவைத்துச் சேமிக்கச் சொல்லுங்கள். ஓரிரு நாள் வேலைதான். பதற்றத்தில் மருத்துவர் சொல்ல மறந்திருந்தால் நீங்களே கேளுங்கள்.