ஜப்பான் மலைக்கிராமங்களில் சரிவை அளந்து தரும் உதவித்தொகை

ஜப்பானின் விளைநிலத்தில் சுமார் 40 சதவீதம் மலையிலும் மலையடிவாரத்திலும்தான் இருக்கிறது. வயல்கள் சின்னச் சின்னதாக அடுக்கடுக்காகக் கிடக்கும். டிராக்டரைத் திருப்பக்கூட இடம் போதாது. வயலுக்கு வயல் உயரமான கரை. கோடை முழுக்க அந்தக் கரைப் புல்லை வெட்டுவதே பெரும்பாடு. அதே நெல்லைச் சமவெளிக்காரர் குறைந்த செலவில் விளைவித்துவிடுகிறார். சந்தையோ மலை நெல், சமவெளி நெல் என்று பார்த்து விலை போடுவதில்லை. இந்தச் செலவு வித்தியாசத்தில் 80 சதவீதத்தை ஈடுகட்டும் கணக்கில் 2000-ஆம் ஆண்டு தொடங்கியதுதான் மலைப்பகுதி நேரடி உதவித்தொகை.

எவ்வளவு கிடைக்கும் என்பது விளைச்சலைப் பொறுத்ததல்ல, சரிவைப் பொறுத்தது. நெல்வயல் 20 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டரோ அதற்கு மேலோ இறங்கினால், 10 ஆர் நிலத்துக்கு (நம் கணக்கில் ஏறத்தாழ 25 சென்ட்) ஆண்டுக்கு 21,000 யென். சரிவு அதைவிடக் குறைவு, ஆனால் 100 மீட்டருக்கு 1 மீட்டராவது இறங்குகிறது என்றால் 8,000 யென். புன்செய்க்கு 15 பாகையும் அதற்கு மேலும் 11,500 யென். 8 முதல் 15 பாகை வரை 3,500 யென்.

சரி, விண்ணப்பம் போட்டால் பணம் வந்துவிடுமா? அப்படி இல்லை. பெரும்பாலும் ஊர்க்காரர்கள் கூடி 5 ஆண்டு ஒப்பந்தம் ஒன்று எழுத வேண்டும். யார் எந்த நிலத்தைப் பார்ப்பது, வாய்க்கால் தூர்வாருவது யார், வழிப்பாதையைச் சீர்செய்வது யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். நிலம் மொத்தம் 1 ஹெக்டேராவது இருக்க வேண்டும். ஒப்பந்தத்தை நகராட்சியோ ஊராட்சியோ ஏற்றுக்கொண்ட பிறகுதான் பணம். தனி ஆளுக்கு எவ்வளவு, பொதுவேலைக்கு எவ்வளவு என்று ஊரே முடிவு செய்துகொள்ளலாம். காட்டுப்பன்றியையும் மானையும் தடுக்க வேலி, கூட்டாக ஓர் இயந்திரம் என்று பொதுப்பங்கு செலவாகும். திட்டத்தின் உயிர்நாடி இந்த ஏற்பாடுதான் என்பேன்: ஒருவர் வாய்க்காலைக் கவனிக்காமல் விட்டால் கீழே இருப்பவர் எல்லோருக்கும் தண்ணீர் நின்றுபோகும் இடம் அது.

நிலத்தையும் வாய்க்காலையும் பராமரிப்பதோடு நின்றுகொண்டால் மேலே சொன்ன தொகையில் 80 சதவீதம்தான் கிடைக்கும். முழுத்தொகை வேண்டுமென்றால் கூடுதல் பொறுப்பு உண்டு. 2025-இல் தொடங்கிய ஆறாவது கட்டத்தில், பக்கத்து ஊர்களோடு கைகோத்து வேலையைத் தொடரத் திட்டம் தர வேண்டும். ஆள் குறைந்துபோன ஊர்களை மனதில் வைத்துப் போட்ட விதி இது.

பலரைத் தயங்க வைத்தது திருப்பிக் கட்டும் விதி. இடையில் நிலத்தைத் தரிசாக விட்டால் வாங்கிய பணத்தை முதல் ஆண்டிலிருந்து கணக்கிட்டுத் திருப்பித் தர வேண்டும். முன்பு ஒருவர் விட்டாலும் ஊர் மொத்தமும் கட்ட வேண்டியிருந்தது. எழுபது வயதைத் தாண்டியவர்கள் இன்னும் 5 ஆண்டுக்கு எந்தத் தைரியத்தில் கையெழுத்துப் போடுவார்கள்? 2020 முதல் கைவிட்ட அந்த நிலத்துக்கு மட்டும் கட்டினால் போதும். இறப்பு, நோய், இயற்கைப் பேரிடர் காரணமாக விட்டிருந்தால் அதுவும் கிடையாது.