ஒளிக்காலத்துவம்

புரட்டாசி விரதம் வந்தால் டர்பன் தமிழ் வீடுகளில் சோயா மின்ஸ் கறி அடிக்கடி அடுப்பேறும். சோயா எப்போது பூக்கும் என்பதற்குப் பின்னால் இருக்கும் சொல் ஃபோட்டோபீரியாடிசம். கிரேக்கத்தில் ‘ஃபோஸ்’ என்றால் ஒளி. ‘பெரியோடோஸ்’ என்றால் சுற்றி வருதல், அதிலிருந்து காலச்சுற்று. 1920இல் கார்னர், அல்லார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் இச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிலாக்சி என்ற சோயா வகையை மே தொடங்கிப் பல தேதிகளில் விதைத்துப் பார்த்தார்கள். முந்தி விதைத்ததும் பிந்தி விதைத்ததும் செப்டம்பரில்தான் பூத்தன. பூப்பதை முடிவு செய்தது செடியின் வயது அல்ல, பகலின் நீளம்.

தமிழகப் பாடநூல்கள் இதை ஒளிக்காலத்துவம் என்கின்றன. சரியான சொல்தான். ஆனால் வயலில் நின்று பேசும்போது நான் ‘பகலளவு உணர்வு’ என்றே சொல்வேன். கேட்டதும் பொருள் விளங்கும்.

சோயா குறும்பகல் பயிர். பகல் சுருங்கினால் சீக்கிரம் பூக்கும், நீண்டால் தழைத்துக்கொண்டே போகும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: செடி உண்மையில் அளப்பது இரவை. இலையிலுள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி வெளிச்சத்தை உணர்கிறது. நடு இரவில் சிறிது நேரம் விளக்குப் பட்டாலே பூப்பு தள்ளிப்போகும். தெருவிளக்கு ஓரமாக உள்ள சோயாவைப் பாருங்கள். மற்ற வரிசைகள் பழுத்துக் காய்ந்த பிறகும் அந்தப் பகுதி மட்டும் பச்சையாக நிற்கும். ‘நெட்டிரவுப் பயிர்’ என்று பெயர் வைத்திருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழி இங்கே தென்னாப்பிரிக்காவில் செல்லாது. ஆடி நமக்குக் குளிர்காலம். டர்பனில் ஜூனில் பகல் சுமார் 10 மணி நேரம், டிசம்பரில் சுமார் 14. சென்னையில் இந்த வித்தியாசம் ஒன்றரை மணிதான். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் தீபாவளியை ஒட்டி விதைப்பு தொடங்கும். விதைப்பு ஜனவரிக்குத் தள்ளிப்போனால், சுருங்கும் பகலைக் கண்டு செடி குட்டையாக இருக்கும்போதே பூத்துவிடும். அடிக்காய்கள் தரையை ஒட்டித் தொங்கும். அறுவடை இயந்திரத்தின் கத்தி அவற்றை விட்டுவிட்டு மேலே போய்விடும். நட்டம் அங்கேதான்.

அப்புறம் பரம்பரை. எந்தப் பகலளவில் பூப்பது என்பது விதையிலேயே வருகிறது. இ1, இ2, இ3, இ4 என்ற மரபணுக்கள் நெடும்பகலில் பூப்பைத் தடுத்து வைக்கின்றன. இ3, இ4 இரண்டும் பைட்டோகுரோமை உருவாக்குபவை. இவை செயலிழந்த வகைகள் நீண்ட பகலிலும் பூக்கும், அதனால் கனடா வரை விளைகின்றன. ஜே என்ற மரபணு செயலிழந்தால் நேர்மாறு: குறும்பகலிலும் அவசரப்படாமல் வளர்ந்து, பிறகே பூக்கும். ‘நீண்ட இளமை’ எனப்படும் இந்தப் பண்புதான் பிரேசிலின் வெப்பமண்டலத்தில் சோயாவை வேரூன்ற வைத்தது.

வகைகளை முதிர்ச்சிக் குழு எண்ணால் பிரிப்பார்கள்: 000 மிகக் குறுகிய காலத்தில் முதிர்வது, 10 மிக நீண்ட காலம் எடுப்பது. தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலும் 4 முதல் 7 வரை விதைக்கிறார்கள்.