கைவிளக்கை விடுங்கள், சார்ட்டைப் பாருங்கள்

போன வாரமும் அதே கதைதான். இரவுப் பணியில் அறைக்குள் போனால் யூரின் பேக் காலி. "நெறஞ்சிருந்துச்சு சிஸ்டர், நீங்க எழுதிட்டு உக்காந்திருந்தீங்களா, நானே கொட்டிட்டேன்" என்கிறார் மகன், உதவி செய்த பூரிப்போடு. அப்பாவுக்கு இதய பலவீனம். ஆறு மணி நேரச் சிறுநீர்க் கணக்கு கழிப்பறையில் போய்விட்டது. காலை ரவுண்ட்ஸில், உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் லேசிக்ஸ் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று டாக்டர் பார்க்கும் எண்களில் அதுவும் ஒன்று.

அவர்மேல் கோபமில்லை. அந்த "எழுதிட்டு உக்காந்திருந்தீங்க" தான் சுருக்கென்றது. ஓடுவதும் துடைப்பதும் சிரிப்பதும் மட்டும்தான் நர்ஸ் வேலையாம்.

இந்தத் தொழில் நிமிர்ந்து நின்றதே எழுத்தால்தான். ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் 'கைவிளக்கேந்திய காரிகை' என்பீர்கள். சரி, விளக்கு இருந்தது. கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில் 38 பெண்களோடு துருக்கியின் ஸ்குட்டாரியில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனைக்குப் போனார். அவர் போன பிறகும் அந்தக் குளிர்காலத்தில் சாவு ஏறிக்கொண்டே இருந்தது. 1855 மார்ச்சில் சுகாதாரக் குழு வந்து சாக்கடையைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்துக்கு வழி பண்ணிய பிறகுதான் மளமளவென்று இறங்கியது. பரிவு முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. போர் முடிந்து ஊர் திரும்பி, புள்ளியியல் நிபுணர் வில்லியம் ஃபாரோடு சேர்ந்து இறப்புக் கணக்கை மாதவாரியாகப் பிரித்த பிறகுதான் நைட்டிங்கேலுக்கே இது முழுதாகப் பிடிபட்டது. காயத்தால் செத்தவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தவர்கள் பல மடங்கு! அதைப் படமாக வரைந்து அரசின் முன் வைத்தார். 1858-இல் லண்டன் புள்ளியியல் சங்கம் உறுப்பினராகச் சேர்த்த முதல் பெண் அவர்தான். பள்ளிப் பாடத்தில் விளக்கு மட்டும் மிஞ்சியது.

1860-இல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரில் பயிற்சிப் பள்ளி வந்தது. 1901-இல் நர்ஸ்களுக்கென்றே தனிப் பதிவுச் சட்டம் போட்டது நியூசிலாந்து. மறுவருடம் பதிவேட்டில் முதல் பெயர் எல்லன் டோஹர்ட்டி. நல்ல மனசு போதுமென்றால் படிப்பு எதற்கு, தேர்வு எதற்கு, பதிவேடு எதற்கு? (எங்களைக் கூப்பிடும் 'சிஸ்டர்' கன்னியாஸ்திரீகள் நோயாளிகளைப் பார்த்த காலத்து மிச்சம். கூப்பிடுங்கள், பரவாயில்லை.)

அப்புறம், யூரின் பேக்கை எங்களிடம் சொல்லாமல் காலி செய்யாதீர்கள். தண்ணீர் கொடுத்தால் எத்தனை டம்ளர் என்று சொல்லுங்கள். "சீக்கிரம் முடியட்டும்" என்று டிரிப்பின் உருளையைத் திருகவே கூடாது; பொட்டாசியம் கலந்தது வேகமாக ஏறினால் இதயமே நின்றுவிடும். மானிட்டர் கத்தினால் அதன் வாயை அடைக்காமல் எங்களைக் கூப்பிடுங்கள். ஷிஃப்ட் மாறும்போது நாங்கள் பேசிக்கொள்வது அரட்டை இல்லை, தயவுசெய்து அந்தப் பத்து நிமிடம் இடையில் வராதீர்கள்.

சார்ட்டில் அன்றைய கட்டத்தில் 'அளக்கப்படவில்லை' என்று எழுதினேன். மறுநாள் இரவு அதே மகன் பேக்கைக் குனிந்து பார்த்து, "நானூத்தம்பது சிஸ்டர், எழுதிக்கோங்க" என்றார். ஜாடியில் ஊற்றி அளந்தேன். நானூற்று இருபது மில்லி. எழுதிக்கொண்டேன்.