கடைசி மில்லிகிராம்களின் கனம்

மனச்சோர்வு மாத்திரையைக் குறைக்கும்போது பலருக்கு முதல் பாதி சத்தமில்லாமல் கழிந்துவிடுகிறது. முடியப்போகும் நேரத்தில்தான் தலை சுற்றுகிறது, குமட்டுகிறது, கண்ணைத் திருப்பினாலே தலைக்குள் கரண்ட் அடித்ததுபோல் வெட்டுகிறது. தூக்கம் கெடுகிறது, காரணமில்லாமல் எரிச்சலும் அழுகையும் வருகின்றன. "இந்தத் துணுக்கு மாத்திரைக்கா இவ்வளவு?" என்று வீட்டார் கேட்கிறார்கள். ஆம், அந்தத் துணுக்குக்குத்தான்.

நரம்பணுக்கள் வெளியிடும் செரோடோனின் என்ற வேதிப்பொருளைத் திரும்ப உள்ளிழுக்கச் சில புரதங்கள் இருக்கின்றன. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்ற மருந்துகள் அவற்றில் போய் உட்கார்ந்து வேலையைத் தடுக்கின்றன. அந்தப் புரதங்களை இருக்கைகள் என்றும் மருந்தைப் பயணிகள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் கிளம்பும் பஸ்ஸில் இருக்கைகள் நிரம்பிய பிறகு ஏறுபவர்கள் நின்றுகொண்டுதான் வருவார்கள். ரெட்டிச்சாவடியில் நிற்பவர்கள் பத்துப் பேர் இறங்கினாலும் ஓர் இருக்கைகூடக் காலியாகாது. உட்கார்ந்திருப்பவர்கள் எழத் தொடங்கிய பிறகு, இறங்கும் ஒவ்வொருவரும் ஓர் இருக்கையைக் காலியாக்குகிறார்.

இதே வகையைச் சேர்ந்த சிட்டலோபிராமில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 40 மில்லிகிராம் ஏறக்குறைய 86 சதவீதப் புரதங்களைத் தடுக்கிறது. அளவைப் பாதியாக்கி 20க்கு வந்தாலும் 80 சதவீதம். 5 மில்லிகிராமில்கூட 60 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. அங்கிருந்து பூஜ்யத்துக்குத் தாவினால் அந்த 60ம் ஒரே வீச்சில் விழுகிறது. மாதக்கணக்கில் மருந்தோடு ஒத்துப்போன மூளை அதற்குத் தயாராக இருப்பதில்லை. ஆகவே இறங்க இறங்கப் படியின் உயரம் குறைய வேண்டும் என்று 2019இல் ஆய்வாளர்கள் மார்க் ஹோரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் எழுதினார்கள். பாதி, பிறகு கால், பிறகு நிறுத்தம் என்ற வழக்கமான கணக்கு பலருக்கு அவசரமானது என்றே நானும் நினைக்கிறேன்.

ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்குவதும் நல்ல வழியல்ல. இதே வகை மருந்தான பரோக்செட்டின் ரத்தத்தில் ஏறக்குறைய ஒரு நாளில் பாதியாகிவிடும். விழுங்காத நாளில் மருந்தின் அளவு இறங்கி, விழுங்கும் நாளில் மீண்டும் ஏறுகிறது. வாரக்கணக்கில் உடலில் தங்கும் ஃபுளுவாக்செட்டின் இதற்கு விதிவிலக்கு. மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளை நாமாக உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

எல்லோருக்கும் இந்தத் தொல்லை வருவதில்லை. 2024இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வில், மருந்தை நிறுத்தியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு அறிகுறிகள் தென்பட்டன. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத மாத்திரை கொடுக்கப்பட்டு, அதை நிறுத்தியவர்களிலும் ஆறில் ஒருவருக்குத் தென்பட்டன.

வந்தால், "நோய் திரும்பிவிட்டது" என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். குறைத்த சில நாள்களுக்குள், தலைச்சுற்றலும் கரண்ட் வெட்டும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் மருந்து விலகுவதால் வரும் அறிகுறிதான். பழைய சோர்வு வாரங்கள் கழித்து மெல்லத் திரும்புவதே வழக்கம். தேதி, அளவு, அறிகுறி மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பிரித்தறிவது எளிது. தாங்க முடியாவிட்டால் அவர் முந்தைய அளவுக்குத் திரும்பச் சொல்லி, பிறகு சிறு படிகளாக இறக்குவார்.

அக்கினி நட்சத்திர வெயிலில் நீர் வற்றினாலும் தலை சுற்றும். அந்த வாரங்களில் அளவைக் குறைக்காமல் இருந்தால் குழப்பம் வராது. ஜிப்மருக்கோ கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ வெளியூரிலிருந்து வருபவர்கள், மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த சீட்டை வாங்கிவிடுவது நல்லது. குறைக்கும் காலத்தில் உயிரை விடும் எண்ணம் எழுந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் இரவிலும் தமிழில் பேசலாம்.