தேயிலை வேர் வெளியே தெரிந்தால் எத்தனை ஆயிரம் ஆண்டு மண் போயிருக்கும்?

நுவரெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு மண் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். நல்ல சரிவான மலை, பழைய விதைத் தேயிலை. ஒரு செடியடியில் குந்திப் பார்த்தால், தூருக்குக் கீழே வேர்கள் கோழிக்கால் விரல்கள் போல மண்ணுக்கு வெளியே விரிந்து நின்றன. நட்ட காலத்தில் தரை எந்த மட்டத்தில் இருந்தது என்பதைத் தூரே காட்டிவிடும். அளவுநாடாவை வைத்தேன். 10 சென்ரிமீற்றர், ஏறக்குறைய அரைச் சாண்.

கொழுந்துக் கூடையோடு பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர், "இந்த மண்ணு திரும்ப ஊறி வர எத்தனை வருஷமாகும் தம்பி?" என்று கேட்டார்.

"4,000 வருஷத்துக்குக் குறையாது அம்மா" என்றேன். அவர் நம்பவில்லை. அது எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பதில் மலையிலிருந்து அரிபட்டு வந்து சேரும் ஆற்று மணலில் இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் எந்நேரமும் நிலத்தில் விழுந்துகொண்டே இருக்கின்றன. பாறையிலுள்ள குவார்ட்ஸ் கனிமத்தின் ஆக்சிஜன் அணுவை அவை தாக்கும்போது பெரிலியம்-10 என்ற அணு உண்டாகிறது. ஒரு கிராம் குவார்ட்ஸில் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சில அணுக்கள்தான். ஆழம் கூடக்கூட இந்தக் கதிர்கள் வேகமாக வலுவிழந்துவிடும். மேலே உள்ள ஒன்றிரண்டு மீற்றருக்குள்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. ஆகவே பாறை மெதுவாக உக்கி, மெதுவாக மேற்பரப்புக்கு வந்தால், அதன் குவார்ட்ஸில் நிறைய அணுக்கள் சேர்ந்திருக்கும். சட்டென்று வந்தால் குறைவாக இருக்கும். மணலைச் சலித்து, அமிலத்தில் திரும்பத் திரும்பக் கழுவி, மழை கொண்டுவந்து ஒட்டவைத்த பெரிலியத்தையும் மற்றக் கனிமங்களையும் நீக்கி, மிஞ்சும் சுத்தமான குவார்ட்ஸைக் கரைத்து, துகள் முடுக்கி பொருத்திய கருவியில் அணுக்களை எண்ணுவார்கள். பொறுமை வேண்டிய வேலை.

இதைப் பலர் மண்ணின் வயது என்று நினைக்கிறார்கள். கிடைப்பது வயதல்ல, வேகம். காடு மூடிய மலையில் மேலே அரிபடும் அளவுக்குக் கீழே பாறை உக்கிப் புதிதாகச் சேர்கிறது. அதனால் இயற்கையான அரிப்பின் வேகம் தெரிந்தால் மண் உருவாகும் வேகமும் தெரிந்துவிடும்.

மகாவலி ஆற்றின் மேற்பகுதியில் திலக் ஹேவாவசம், பிரீட்ஹெல்ம் ஃபொன் பிளாங்கன்பேர்க் முதலிய ஆய்வாளர்கள் இதைச் செய்து 2003இல் வெளியிட்டார்கள். இயற்கையான வேகம் சதுர கிலோமீற்றருக்கு ஆண்டுக்கு 13 முதல் 30 தொன். அதாவது ஒரு சதுர மீற்றரில் ஒரு வருஷத்துக்கு 13 முதல் 30 கிராம். உள்ளங்கையில் அள்ளினால் அதுகூட நிறையாது. மழையும் சூடும் சரிவும் உள்ள இடத்தில் பாறை வேகமாக உக்கும் என்றுதான் நானும் படித்த காலத்தில் நம்பியிருந்தேன். ஆனால் இது மிகப் பழைய, இறுகிய பாறை. இமயமலை போல உயர்ந்துகொண்டிருக்கும் நிலமும் இல்லை. பயிர் செய்யும் சரிவுகளில் இழப்போ 130 முதல் 2,100 தொன் வரை. உருவாவதைப் போல 10 முதல் 100 மடங்கு.

அந்த 10 சென்ரிமீற்றர் மண் ஒரு சதுர மீற்றரில் ஏறக்குறைய 120, 130 கிலோ இருக்கும். அதை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 4,000 முதல் 10,000 ஆண்டு வரை வருகிறது. நட்டு இன்னும் 150 வருஷம்கூட ஆகாத தேயிலை!

உரம் போட்டால் சரியாகிவிடும் என்று தோட்டங்களில் அடிக்கடி கேட்கிறேன். உரம் சத்தைத் தரும், தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஆழத்தைத் தராது. வறட்சியில் முதலில் வாடுவது வேர் தெரியும் செடிகள்தான். புல்லை ஒன்றுவிடாமல் சுரண்டித் தரையை மொட்டையாக வைப்பதைச் சுத்தம் என்று நினைக்கும் பழக்கம் எனக்குப் பெரிய கவலை. மழைத்துளி நேரே விழுவது அந்த மொட்டைத் தரையில்தானே. கவ்வாத்து வெட்டிய கொப்புகளை விறகுக்கென்று முழுக்க அள்ளாமல் மலையிலேயே பரப்பி விடுங்கள். மறுநடுகைக்கு முன் கௌதமாலாப் புல்லோ மானாப் புல்லோ வளர்க்கும் இரண்டு வருஷத்தைச் செலவுக் கணக்கில் வெட்டிவிடாதீர்கள்.

அப்புறம், கான் (வடிகால்) துப்புரவாக்கும்போது அள்ளும் மண்ணைப் பள்ளத்தில் தள்ளவேண்டாம். அன்று அந்த அம்மாவும் நானும் கானிலிருந்து ஒரு கூடை மண்ணை அள்ளி, வேர் தெரிந்த அந்தச் செடியடியில் கொட்டி மிதித்துவிட்டு வந்தோம்.