மணலுக்கு மூச்சுத் திணறினால் கிணறு கெடும்

வைன் ஆலைக் கழிவுநீரில் கொடிய நஞ்சு என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. தொட்டி கழுவிய தண்ணீர், முந்திரிகைத் தோல், மிச்சச் சீனி, கொஞ்சம் அற்ககோல், புளிப்பு அமிலங்கள், கழுவப் பாவித்த சோடா, அவ்வளவுதான். ஆனாலும் இதை ஒரே இடத்தில் தொடர்ந்து ஊற்றினால் கீழேயுள்ள நிலத்தடி நீரில் இரும்பும் மங்கனீசும் கூடும், சில மண்ணில் ஆசனிக் என்ற நச்சுப் பொருளும் வரும். ஊற்றியதில் இல்லாத உலோகம் மண்ணிலிருந்தே கிளம்புகிறது.

மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் சீனியைத் தின்னும்போது ஒட்சிசனைச் செலவழிக்கின்றன. மேலே இருந்து காற்று இறங்கும் வேகத்தைவிடச் சீனி இறங்கும் வேகம் கூடினால் ஒட்சிசன் தீர்ந்துபோகும். அதற்காகப் பற்றீரியாக்கள் ஓய்வதில்லை. ஒட்சிசனுக்குப் பதிலாக அடுத்ததாக நைத்திரேற்றைப் பிடிக்கும், பிறகு மங்கனீசு ஒட்சைட்டு, அதற்குப் பிறகு மணல் மணிகளில் செந்நிறமாகப் படிந்திருக்கும் இரும்பு ஒட்சைட்டு. திண்மமாக ஒட்டியிருந்த இரும்பு அப்போது நீரில் கரைகிறது. அந்தப் படிவைப் பற்றிக்கொண்டிருந்த ஆசனிக்கும் கூடவே அவிழ்கிறது.

இப்படிக் கரைந்த இரும்பு கண்ணுக்குத் தெரியாது. வாளியில் அள்ளும்போது தண்ணீர் தெளிவாகவே இருக்கும். கொஞ்ச நேரம் வைத்தால் காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டு மஞ்சளாகி, அடியில் துருநிறமாகப் படியும். கிணற்றுக்கட்டுச் சீமெந்திலும் வெள்ளை வேட்டியிலும் கறை ஏறும். இயற்கையாகவே இரும்பு கூடிய கிணறுகளும் உண்டு, ஆகையால் கறையை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. முன்பு நன்றாக இருந்த கிணறு மாறினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

திருகோணமலையில் முந்திரிகைத் தோட்டங்கள் இல்லையே என்று இதை விட்டுவிடக் கூடாது. நெல் அவிக்க ஊறவைத்த புளித்த தண்ணீர், ஹோட்டல் குசினிக் கழிவு, மீன் கழுவிய நீர் எல்லாம் மண்ணில் இதே வேலையைத்தான் செய்யும். உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளிக் கரையோர மணலில் களி குறைவு. ஊற்றியது சீக்கிரம் இறங்கிவிடும், நீர்மட்டமும் ஆழத்தில் இல்லை. கடல்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கும் நன்னீரைத்தான் நாங்கள் அள்ளுகிறோம். வெங்காயத் தோட்டத்து உரமும் அதே நீருக்குள்தான் இறங்குகிறது.

அப்படியானால் எதைக் கட்டுப்படுத்துவது? இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், கழிவுநீர் வெளியேற்றும் ஆலைகள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எடுக்க வேண்டும். ஆறு, குளங்களில் விடும் நீரின் உயிரிரசாயன ஒட்சிசன் தேவை, அதாவது அதிலுள்ள கழிவைத் தின்னப் பற்றீரியாக்களுக்கு வேண்டிய ஒட்சிசன், லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பாசனமாக நிலத்தில் விடுவதற்கு 250 வரை இடமுண்டு. இந்த இலக்கங்கள் தேவைதான், ஆனால் இவை குழாய் வாயில் அளப்பவை. கீழே உள்ள மண்ணுக்கு ஒரு நாளில் எத்தனை கிலோ, எத்தனை பேர்ச்சில் என்பதுதான் கணக்கு. லீற்றருக்கு 5,000 மில்லிகிராம் தேவையுள்ள கழிவுநீர் 10,000 லீற்றர் என்றால் 50 கிலோ ஒட்சிசன் வேண்டும். ஒரு ஏக்கரில், அதாவது 160 பேர்ச்சில், பரப்பினால் மண் ஓரளவு தாங்கும். அதையே 10 பேர்ச்சில் விட்டால் சுமை 16 மடங்கு.

கலிபோர்னிய மாநில நீர்வளச் சபை 2021 ஜனவரியில் வைன் ஆலைகளுக்கென்றே ஒரு பொது ஆணை கொண்டுவந்தது. ஆண்டுக்கு 10,000 கலன், அதாவது ஏறத்தாழ 38,000 லீற்றருக்கு மேல் நிலத்தில் விடும் ஆலைகளை அது நீரின் அளவுப்படி தரம் பிரிக்கிறது. நிலத்தின் மேல் ஏற்றும் ஒட்சிசன் சுமைக்கும் நைதரசனுக்கும் வரம்பு வைக்கிறது. இந்த அணுகுமுறைதான் சரி என்பேன். ஒரு நாள் விட்டு, சில நாள் காயவிட்டால் மணலுக்குள் காற்று திரும்பும். அதே கழிவுநீரை இடைவிடாமல் ஒரு குழிக்குள் விட்டால் திரும்பாது.

எங்கள் கரையோரத்தில் உறிஞ்சுகுழிக்கு அனுமதி கொடுக்கும்போது, அதற்குக் கீழ்ப்புறமாக நிலத்தடி நீர் ஓடும் திசையில் ஒரு கண்காணிப்புக் கிணறும் கட்டாயமாக வேண்டும். குழி வெட்டுவதற்கு முன்பே அதில் இரும்பு, மங்கனீசு, நைத்திரேற்று அளவுகளைப் பதிய வேண்டும். அந்த முதல் அளவு கையில் இல்லாவிட்டால், பக்கத்து வீட்டுக் கிணறு மாறியதை யாராலும் நிரூபிக்க முடியாது.