கள்ள நாணயத்துக்குப் பிறப்பிடம் கண்டுபிடிப்பது எப்படி?

பிரிட்டனின் அரசு நாணயச்சாலை 1775-க்குப் பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, தன் நாட்டுக்கான அரைப்பென்னிச் செப்புக்காசு எதையும் அடிக்கவில்லை. ஆனால் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் தலையும் 1787, 1788 என்ற ஆண்டுகளும் பொறித்த அரைப்பென்னிகள் இன்றும் அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. அவை கள்ளக்காசுகள் என்பதற்கு அந்த ஆண்டே போதும். எந்தப் பட்டறையில் அடித்தவை என்பதை மட்டும் ஆண்டு சொல்லாது. இங்கிலாந்தின் பர்மிங்காமிலும் இத்தகைய காசுகள் கணக்கின்றித் தயாராயின.

பட்டறையைக் காட்டிக்கொடுப்பது அச்சு. அக்காலத்தில் எஃகு அச்சில் ஒவ்வோர் எழுத்தையும் எண்ணையும் அந்தந்த வடிவில் முனை கொண்ட தனித்தனி உளியால் அடித்துப் பதித்தார்கள். ஓர் உளியின் முனை சற்று உடைந்திருந்தால், அது தொட்ட அச்சுகள் அனைத்திலும் அதே உடைசல் விழும். அந்த அச்சுகள் அடித்த காசுகளிலும் தெரியும். நியூயார்க் மாநிலத்தின் நியூபர்க் அருகே தாமஸ் மேச்சின் நடத்திய ஆலையின் காசுகளை ஆய்வாளர்கள் இவ்வாறுதான் பிரித்தெடுத்தார்கள். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் கப்பல்களைத் தடுக்க ஹட்சன் ஆற்றின் குறுக்கே இரும்புச் சங்கிலி கட்டும் பணியில் முன்னின்ற அதே மேச்சின், போர் முடிந்தபின் பிரிட்டிஷ் மன்னரின் தலையைச் செம்பில் அடித்துக்கொண்டிருந்தார் என்பது வேடிக்கைதான். காசின் பின்புறத்தில் பிரிட்டனின் உருவகப் பெண்ணாக அமர்ந்திருக்கும் பிரிட்டானியாவின் கேடயத்தில் உள்ள சிலுவைகளுக்கு ஓரக்கோடு இல்லாமையும், காசின் ஓரத்தைச் சுற்றி வரும் சிறு பற்கள் முக்கோணமாக இருப்பதும் அவ்வாலைக் காசுகளுக்குரிய அடையாளங்கள்.

அதைவிட உறுதியான சாட்சி வெர்மான்ட்டிலிருந்து வந்தது. அப்போது தனிக் குடியரசாக இருந்த வெர்மான்ட்டுக்குச் செப்புக்காசு அடிக்கும் உரிமை பெற்றிருந்தவர்கள் மேச்சினின் ஆலையோடு கூட்டுச் சேர்ந்தார்கள். 1787 என்ற ஆண்டு பொறித்த ஒருவகை வெர்மான்ட் காசின் பின்புறத்தில் பிரிட்டானியா உருவம் மங்கலாகத் தெரிகிறது. கள்ள அரைப்பென்னிக்கு உழைத்துத் தேய்ந்துபோன அச்சையே அதற்கும் பயன்படுத்திவிட்டார்கள். சட்டப்படியான காசையும் கள்ளக்காசையும் ஒரே அச்சு பெற்றெடுத்திருக்கும்போது, இரண்டும் ஒரே பட்டறை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேகரிப்பு மோகம் பரவியபோது, செலவழிப்பதற்காக அல்லாமல் விற்பதற்காகவே போலிகள் உருவாயின. மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் போலன் 1860-களில் அரிய காசுகளின் நகல்களுக்குத் தாமே புதிதாக அச்சு வெட்டினார். இத்தகையவற்றை அறிவது எளிது: மூலக்காசுகளின் அச்சுகள் பட்டியலிடப்பட்டிருப்பதால், எந்த அச்சோடும் எழுத்தின் இடைவெளி பொருந்தாத காசு உடனே தனித்து நிற்கும். மின்பகுப்பு முறையில் எடுத்த நகல்கள் வேறு வகை. உண்மைக் காசின் அச்சுப்பதிவில் செம்பைப் படியவைத்து, முன்புறமும் பின்புறமுமாக இரண்டு மெல்லிய ஓடுகளை உருவாக்கி, நடுவில் ஈயம் போன்ற உலோகத்தை நிரப்பி ஒட்டுவார்கள். முகம் அப்பழுக்கற்றதாக இருக்கும். விளிம்பில் ஓடும் ஒட்டுக்கோடும், ஒத்துவராத எடையும், தட்டினால் எழும் மந்த ஒலியும் உண்மையைச் சொல்லிவிடும்.

உண்மையான தலைவலி இன்றைய போலிகள். இவற்றுக்கு அச்சு வெட்டுவதில்லை. உண்மையான பழங்காசு ஒன்றிலிருந்தே அச்சை நகலெடுக்கிறார்கள். அதனால் எழுத்து, இடைவெளி, தேய்மானம் அனைத்தும் சரியாகவே பொருந்தும். இங்கே கைகொடுப்பது பள்ளத்துக்கும் மேட்டுக்கும் உள்ள வேறுபாடு. அச்சில் விரிசலோ கீறலோ விழுந்தால், அடிக்கும்போது உலோகம் அதற்குள் ஏறி, காசில் மேடான கோடாக நிற்கும். அந்த அச்சு அதன்பின் அடித்த காசுகளில் எல்லாம் அது இருப்பது இயல்பே. ஆனால் சட்டைப்பையிலும் கல்லாப்பெட்டியிலும் புழங்கிய காசில் பட்ட அடி, பள்ளமாகவே இருக்கும்; அது அந்த ஒரு காசுக்கு மட்டுமே உரிய தழும்பு. பழைய அமெரிக்கச் சென்ட்டில் விடுதலையின் உருவகமாக இருக்கும் லிபர்டி என்ற பெண்ணின் கன்னத்தில் ஒரே இடத்தில், ஒரே சாய்வில், ஒரே நீளத்தில் பள்ளக்கீறல் கொண்ட சென்ட் காசுகள் இரண்டு வெவ்வேறு ஊர்களில் விற்பனைக்கு வந்தால், அவற்றுள் ஒன்றாவது போலி. பெரும்பாலும் இரண்டும் போலி. உருப்பெருக்கியில் பார்த்தால், அசல் தழும்பின் ஓரம் கூர்மையாகவும் நகலில் சற்று மழுங்கியும் இருக்கும்.

ஆகவே ஆய்வாளர்கள் ஏலப் படங்களைப் பக்கம்பக்கமாக வைத்து ஒப்பிடுகிறார்கள். அதே தழும்புகள் கூர்மையாக உள்ள ஒரு காசு கிடைத்தால், தாய்க்காசு அகப்பட்டுவிட்டது. சில போலிகளில் ஒரே பின்புறம் வெவ்வேறு ஆண்டுகளின் முன்புறங்களோடு ஒட்டிவரும். உண்மையில் அந்த இரண்டு அச்சுகளும் ஒருபோதும் சேர்ந்து உழைத்ததில்லை என்பதால், இது ஒன்றே ஒரு பட்டறையின் சரக்கு முழுவதையும் கோத்துக்காட்டிவிடுகிறது. எடையும் உதவும்: 1793-இன் சென்ட் 208 கிரெயின் (ஒரு கிரெயின் ஏறக்குறைய 0.065 கிராம்) என்றும், 1795-இன் இறுதியிலிருந்து 168 கிரெயின் என்றும் விதிக்கப்பட்டிருந்தது. எக்ஸ் கதிர் ஒளிர்வு முறை உலோகக் கலவையைச் சொல்லும். ஆனால் அது மேற்பரப்பை மட்டுமே படிப்பதால், களிம்பு ஏறிய காசில் அதை மட்டும் நம்புவது சரியல்ல.

1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்காவில் நகல் நாணயங்களில் 'காப்பி' என்ற சொல் பொறிக்கப்பட வேண்டும். நேர்மையாகப் பொறித்து விற்ற நகலிலிருந்து அச்சொல்லைச் சுரண்டிவிட்டு அசலாக விற்பவர்களும் உண்டு. சாய்வாக விளக்கைப் பிடித்தால், சுரண்டிய இடத்தில் காசின் களம், அதாவது உருவமோ எழுத்தோ இல்லாத சமதளம், சற்றே தாழ்ந்திருப்பது தெரியும்.